பூனை சாய்ந்து படுத்த சுவர்

எங்கள் மலையில் நாயும் பூனையும் எங்கே படுக்க வேண்டும் என்பதைக் குளிர்தான் தீர்மானிக்கிறது. றொசல்ல பக்கம் ஆண்டில் பாதி நாள் மழை. நான் சிறுவனாக இருந்தபோது எங்களிடம் இருந்த நாய், அப்போதுதான் வந்து நின்ற லொறியின் அடியில் மட்டுமே படுக்கும். எஞ்சின் ஆறியதும் எழுந்து போய்விடும். என் மனைவி வளர்த்த பூனையோ சோற்றுப் பானையை இறக்கியதும் அடுப்புச் சாம்பலில் புரளும். அது வெள்ளைப் பூனை என்பது குளிப்பாட்டிய அன்றுதான் தெரிந்தது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு, கடைசியாக வந்த பூனையைப் புரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அது ஒரு மஞ்சள் கடுவன். நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் மழையில் நனைந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தது. அட்டைப் பெட்டியில் பழைய சேலையை விரித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. என் கம்பளிச் சட்டையைப் போட்டேன், அதையும் சீண்டவில்லை. பின்சுவரோரம் வெறும் சிமெந்துத் தரையில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுக்கும். வந்தவர்களிடம், "இதுக்கு மண்ட சரியில்லங்க" என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஓர் ஆடி மாதக் காலையில், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவன் இடுப்புப் பிடித்து நிமிர முடியாமல் பூனைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

எங்களுடையது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, இரட்டை லயம். முன்பக்கம் ஆறு வீடு, பின்பக்கம் ஆறு வீடு. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே கருங்கல் சுவர். என் சுவரின் மறுபக்கம் இருந்தது என் அக்காவின் அடுப்பு.

அப்போது நானும் அக்காவும் பேசி எட்டு வருடம். அவளுடைய ஒரே மகள், ராகலையில் மரக்கறித் தோட்டம் செய்யும் சிங்களப் பையன் ஒருவனை விரும்பினாள். அக்கா சம்மதித்தாள். தாய்மாமனாக நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். நாலு பேருக்குப் பாடம் சொல்லும் நான் இதற்கு வந்து நின்றால் ஊர் என்ன பேசும் என்று கேட்டுவிட்டு, கல்யாணத்தன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டேன். மறுநாள் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். "ஒனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லன்னு நெனச்சிக்கடா" என்றாள். நான் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

சுவரின் சூடு தெரிந்த அன்றே என் நாற்காலியை அங்கே நகர்த்தினேன். கீழே பூனை, மேலே நான். விடிய நாலரைக்குச் சுவர் சூடேறத் தொடங்கும். அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று அர்த்தம். பத்து மணிக்குச் சோறு. மகள் வந்திருக்கும் நாட்களில் சாயங்காலம் வரைக்கும் கல் ஆறாது. மூன்று மழைக்காலம் இப்படி அவள் எரித்த விறகில் என் முதுகு குளிர் காய்ந்தது. அந்த வயதில் அவளேதான் விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்தாள். அதையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் மழை கொட்டிய ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் பூனை படுக்கவில்லை. சுவரோரம் போய்ச் சுருண்டது, எழுந்தது, கத்தியது. கடைசியில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக என் மடியில் ஏறியது. "போ சனியனே" என்று தள்ளிவிட்டுச் சுவரில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

அக்கா மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் அந்தி வரைக்கும் சுவர் சூடாக இருந்தது. அந்த மழையில் அதற்குப் பிறகு பஸ்ஸும் இல்லை. லயத்தின் கோடியைச் சுற்றிக்கொண்டு போனால் அவள் வாசல் அறுபது எழுபது அடி தூரம். குடையைக்கூடக் கையில் எடுத்தேன். அவள் கதவைத் திறந்து, "என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்து, குடையைத் திரும்ப மாட்டிவிட்டேன். அன்று பகல் முழுக்க நான்கைந்து முறை சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை, அவளைக் கோயிலுக்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டுப் பெண் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. வியாழன் விடியற்காலை அடுப்பு மூட்டப் போனவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கூப்பிட்ட குரல், தகரக் கூரையில் விழுந்த மழையில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் அந்தப் பக்கம் அவள் மகள்.

அக்காதான் முதலில் பேசினாள். "யாரு, வாத்தியாரய்யாவா? வழி தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சுக்கா."

"மழ விட்டுருச்சா?"

"இன்னும் இல்லக்கா." நான் நின்றுகொண்டே சொன்னேன். "மொத நாளே எனக்குத் தெரியும். செவரு ஜில்லுன்னு இருந்துச்சு. பூனகூட எந்திரிச்சிப் போயிருச்சு. நான்தான் வரல."

அவளுக்கு விளங்கவில்லை. சுவரையும் நாற்காலியையும் பற்றி முதலிலிருந்து சொன்னேன்.

"மூணு வருசமாவா என் அடுப்புல குளிர் காஞ்ச?"

"ஆமாக்கா."

"அடப்பாவி, சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு வெறகு கூடப் போட்டிருப்பேனே." சிரிக்கப் போய், வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, "வெந்நி வாங்கிட்டு வாரேம்மா" என்று வெளியே போனாள். நான் இருந்தவரை அவள் திரும்பி வரவில்லை.

அக்கா இப்போது ராகலையில் மகளோடு இருக்கிறாள். கைத்தடி பிடித்து நாலு அடி நடப்பாள். பூனை ஒரு வாரம் அந்தச் சுவரோரம் போய்ப் போய்ப் பார்த்தது. பிறகு பிள்ளை பெற்றவள் இருக்கும் கோடி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அங்கே நாள் முழுக்க வெந்நீர் அடுப்பு எரிகிறது. நான் அதைத் திரும்பக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமைகளில் பஸ் மாறி மாறி ராகலைக்குப் போகிறேன். அக்காவின் மருமகன், "மாமா, மழைக்கி முந்தி வந்துட்டீங்க, ஹரி ஹொந்தாய், ரொம்ப நல்லது" என்று நாற்காலி போடுவார். மகள் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

போன வாரம் அக்கா, "பேரனுக்குக் காது குத்தணும். மடியில வச்சிக்க மாமன் இல்ல. ஒன் மாமனே வச்சிக்கட்டுமே" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் சந்தைக்கு லீக்ஸ் மரக்கறியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் எங்க வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட சொல்லியாச்சும்மா" என்றாள்.

"அதுதாம்மா சரி" என்றேன் நான். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு என் பக்கம் பாராமலே, "வர்றதுன்னா காலையிலேயே வந்துருங்க. பத்து மணிக்கெல்லாம் குத்திருவாங்க" என்றாள்.

ஹட்டனிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன்.