எந்தப் பக்கம் முன்பக்கம்

நைனாவின் சட்டையில் டீசல் புகை வாசனை அடிக்கும். கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீடுகளில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தை மூடிய பிறகு, பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்காக விடியுமுன் ரயிலேறி இருட்டியபின் திரும்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர். எங்கள் பாதைக்குக் 'கரண்டு வண்டி' வந்ததும் அந்த வாசனை நின்றுபோனது. பெங்களூருக்கே முன்னால் மின்சாரம் பார்த்த ஊர் எங்களுடையது, தங்கம் தோண்டுவதற்காக. ரயிலுக்குக் கரண்டு வந்தபோது தோண்டச் சுரங்கமே இல்லை. அதைவிடப் பெரிய குழப்பம், வண்டிக்கு எஞ்சினைக் காணோம் என்பது. இரண்டு முனையிலும் ஒரே முகம், ஒரே நெற்றி விளக்கு. 'எஞ்சினுக்கு மூணாவது பொட்டி' என்று வருஷக்கணக்காக இடம்பிடித்துச் சீட்டாடியவர்கள், பிளாட்பாரத்தின் இரண்டு கோடியிலும் பிரிந்து நின்று ஒருவரையொருவர் தேடினார்கள்.

எனக்கு மட்டும் குழப்பமில்லை. ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஹாஸ்டலோடு கூடிய ஒரு கான்வென்டில் ஓர் இடம் காலியாக இருப்பதாக அம்மாவுக்குச் சேதி வந்தது. பத்து மணிக்கு நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்கு. அம்மா எனக்கு இழுத்து இழுத்து இரட்டைப் பின்னல் போட்டதில் கண்கூடச் சரியாக மூட முடியவில்லை. நைனா லீவு போட்டுக் கூட்டிப்போனார்.

பங்காருபேட்டையில் வண்டி மாற வேண்டும். எதிரெதிரே இரண்டு கரண்டு வண்டிகள் நின்றன. நான் ஒன்றின் முகத்தைப் பார்த்து, "இதுதான் நைனா, பெங்களூர் பக்கம் பாத்துக்கினு நிக்குது" என்றேன். மறுமுனையிலும் ஒரு முகம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. நைனா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மிச்ச டீயைக் குடித்தார், பின்னாலேயே ஏறிக்கொண்டார். இடம் தாராளமாக இருந்தது. வண்டி நகர்ந்ததும், பின்னால் போவதுபோல் இருக்கிறதே என்றேன்.

"கரண்டு வண்டியாச்சே கண்ணு, எப்பிடி வோணும்னாலும் போவும்."

விஞ்ஞானம் வளர்ந்திருப்பதை எண்ணிப் பூரித்தேன். கொஞ்ச நேரத்தில், சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சாம்பல் நிற 'சயனைடு மேடு' தெரிந்தது. பெங்களூரிலும் நம் ஊரைப் போலவே ஒன்று வைத்திருக்கிறார்களே என்று வியந்து முடிப்பதற்குள் எங்கள் ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனே வந்துவிட்டது.

பத்து மணி தாண்டி, கான்வென்ட் இடம் போயிற்று. "தெனம் போய் வர்ற ஆளுக்கா தெரியல?" என்று அம்மா கேட்டாள். "நாந்தான் தப்பா ஏத்திட்டேன்" என்று நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் ஊர்ப் பள்ளியிலேயே படித்தேன். அவர் வழக்கம்போல் இருட்டியபின் வந்து என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாடம் கேட்டார்.

வேலைக்காக நானும் அதே ரயிலில் போகத் தொடங்கியபோதுதான் உறைத்தது. காலையில் பெங்களூர் வண்டியில் ஒற்றைக்காலில் நிற்கத்தான் இடமிருக்கும். காலி வண்டியில் நைனா எப்படி ஏறினார்? உடம்பு முடியாமல் அவர் படுத்திருந்தபோது கேட்டேவிட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். எதை என்று சொல்லவில்லை. என்னை ஹாஸ்டலில் விட மனசில்லாமல் தெரிந்தே ஏறியதையா, அத்தனை வருஷம் போய்வந்தும் தெரியாமல் ஏறியதையா?

இப்போது பெங்களூரிலேயே, ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறேன். மெட்ரோவில் எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்பதைக்கூட ஒரு குரல் சொல்லிவிடுகிறது. தப்பு வண்டி ஏற வழியே இல்லை. கேட்க நைனாவும் இல்லை. அந்தக் கான்வென்ட் பேச்சு வரும்போதெல்லாம், வண்டி பார்த்து ஏறத் தெரியாத மனுஷன் என்று அம்மா இன்றும் அவரைத் திட்டுகிறாள். எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாததால், நான் எதையுமே சொல்வதில்லை.