மாமா தவறிட்டாரு: இரத்தினபுரிக்குச் சண்டை போடப் போன கதை

செல்வராசா பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறான், இரத்தினபுரிப் பள்ளி மண்டபத்தில் பேசுகிறான் என்று கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை கிளம்பினேன். அவன் என் வீட்டுக்காரரின் தங்கை மகன். மாமன் பாடைக்குத் தோள் கொடுக்க வராதவன். எட்டாம் நாள் வந்து நின்றவனைப் பேச விடாமல் கதவைச் சாத்தினேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் வரவில்லை என்று சபையில் வைத்துக் கேட்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து எஹலியகொடைக்கு ஆட்டோ. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான்; ஏழரை பஸ் ஒன்பதுக்கு முன்பே இறக்கிவிட்டது. மழையென்றால் ஜன்னலோரம் உட்காராதீர்கள், கண்ணாடி மூடாது. எங்கே போகிறீர்கள் ஆச்சி என்று கண்டக்டர் கேட்டான். சண்டைக்கு என்று சிங்களத்திலேயே சொன்னேன். சிரித்துக்கொண்டு முன் சீட்டைக் காட்டினான்.

டிஜிட்டல் தொடர்பாடலாம் அவன் படிப்பு. சேதியை ஒன்றும் பூச்சியமுமாக உடைத்து அனுப்புவார்களாம். வழியில் கெட்டுப்போனதைப் போய்ச் சேர்ந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாமாம். அதெப்படி என்று எனக்கே ஆவலாகிவிட்டது. கேட்க வந்த கேள்வியை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு முடிந்ததும் சபையில் ஒரு பெண் எழுந்தாள். "சேர், ஏன் இந்தப் பிழை திருத்துறதையே பிடிச்சுக்கிட்டீங்க?"

"கொழும்புல படிப்பிக்கத் தொடங்கின புதுசு," என்றான். "தங்கியிருந்த வீட்டுல ஒரு சிங்கள ஐயா. எங்க அத்தை போன் பண்ணி, எடுத்த அவருகிட்ட 'மாமா தவறிட்டாரு'ன்னாங்க. அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல, தவறுறதுன்னா பஸ்ஸத் தவறவிடுறது. 'உங்க மாமா பஸ்ஸ விட்டுட்டாராம்'ன்னு எங்கிட்டச் சொன்னாரு. என்னப் பார்க்கத்தான் கிளம்பியிருப்பாரு, அடுத்த பஸ்ஸுல வருவாருன்னு இருட்டுற வரைக்கும் ஸ்டாண்டுல நின்னேன். சாவுன்னு தெரியவே ஒரு வாரமாச்சு. 'பாடை கட்டியாச்சு'ன்னு கூட ஒரு சொல்லு வந்திருந்தா, பிழை தானா மாட்டியிருக்கும். அந்தக் கூடுதல் சொல்லைத்தான் இவ்வளவு வருஷமும் தேடினேன்."

அந்த அத்தை நான்தான். எஹலியகொடை போன் கடையில் நின்று அந்த இரண்டு சொல்லைத்தான் சொன்னேன். செத்துட்டாரு என்று எந்த வாயால் சொல்வது?

எழுந்தேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அன்னிக்குச் சாப்பிட்டியாடா?"

மேடையிலிருந்து இறங்கி வந்தான். "இல்ல அத்தை. மாமாவுக்கும் சேர்த்துப் பாண் வாங்கி வச்சிருந்தேன்."

நான் சொன்ன தமிழில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் போனில் சாவுச் சேதி சொல்கிறவர்கள் இரண்டு விதமாகச் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பி வர நாலு மணிக்கு முன்பே ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். நாங்கள் ஐந்துக்குத்தான் போனோம். எனக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். செல்வராசா எஹலியகொடை வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.