ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்த உதிரம்

திங்கட்கிழமை காலை, இறால் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் தங்கை கொட்டகை வாசலில் வந்து நின்றார். "அக்கா பூட்ச்சி" என்றார். நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினோம்.

எட்டாவது வரை படித்தவள் என்பதால் அக்காவுக்கு இந்த அஞ்சலியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

ராயபுரத்துக் கொட்டகையில் நாற்பது பெண்கள் நின்றுகொண்டே இறால் உரிப்போம். உட்கார நான்கு முக்காலிகள்தான். நான் சேர்ந்த புதிதில் அவற்றுக்குக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். அக்காதான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: மாதவிலக்கு வந்து வீட்டுக்குத் தூரமானவர்களுக்கே முக்காலி. வாய்விட்டுக் கேட்க வேண்டாம், அவர் தோளைத் தொட்டால் போதும். மேஸ்திரி முணுமுணுத்தால், "உன்ன பெத்தவளும் பொம்பளதான் நைனா" என்பார். அந்த மனிதர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

அக்காவுக்கு மாதவிலக்கு நின்றபோது வயது நாற்பத்தெட்டு. இனி தனக்கு முக்காலி வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, அன்று எல்லோருக்கும் மசால்வடை வாங்கித் தந்தார். அதன் பிறகு ஆறு வருடம் நின்றேதான் வேலை செய்தார்.

ஒரு நாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "எனுக்கு மறுபடியும் வந்துகினு கீதுடி."

நான் சிரித்தேன். வயசு திரும்புகிறது, மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று உரக்கக் கேலி செய்தேன். சாயங்காலத்துக்குள் கொட்டகையே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாவி நான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, முக்காலியும் கேட்கவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஐஸ் தண்ணீரில் நிற்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே வைத்தியம் பேசிக்கொண்டோம். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

மேசையடியில் மயங்கி விழுந்த அன்று நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சோதனையெல்லாம் முடிந்த பின் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அதை மாதவிலக்கு என்று விட்டுவிடக் கூடாதாம். சாதாரணச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், உள்ளே தோல் மெலிந்து போயிருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார். அக்காவுக்குப் புற்று. கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது.

"மொதல்ல பட்டப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டார்.

அக்கா நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். ஒரு முறை அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வுடுடி, எனுக்கும்தான் சிரிப்பு வந்துச்சி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, எங்களோடு இறால் உரிக்கும் ஒருத்தி, செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், என் கையைப் பிடித்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. மூன்று மாதமாக, வந்தால் இருபது நாள் நிற்பதில்லையாம், கட்டி கட்டியாகப் போகிறதாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றேன். தலையாட்டினாள். "யாராண்டயும் சொல்லிடாதக்கா, சிரிப்பாங்க" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு மணி வரை காத்து நின்றேன். செல்வி வரவில்லை.

போய் வாருங்கள் அக்கா. உங்களைப் புதைத்த பிறகும் எங்களுக்குப் பயம் நோயைப் பார்த்து வரவில்லை, சிரிப்பைப் பார்த்துத்தான் வருகிறது.