முன்கூட்டிய நன்றி

கிடைக்கப்போவதற்கு இப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது ஏசுபாதத்தின் கொள்கை. அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலைக்கு மனுப் போட்ட வாரமே, அச்சரப்பாக்கம் சபையில் எழுந்து, வேலை கிடைத்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். கிடைத்தது. வீட்டுப் பட்டாவுக்குச் சொன்னார். நாலு வருஷம் கழித்து வந்தது. அந்த நாலு வருஷத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மழைக்குச் சொன்னபோது மதுராந்தகத்தில் பெய்தது. அதுவும் மழைதானே என்றார்.

மகள் ஜாக்குலின் எம்.எஸ்ஸி. வேதியியல். வலைத்தளம் வலைத்தளமாகத் துழாவி, வயதும் மதிப்பெண்ணும் தனக்கு ஒத்துவந்த ஒரே ஃபெலோஷிப்பை ஜெர்மனியில் கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களுக்குக் காத்திருந்தாள். அவற்றை அவர்களே இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒன்று வந்துவிட்டது. லக்ஷ்மிநாராயணன் சாருடையது வரவில்லை. கடைசி நாள் வந்துவிட்டது.

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். ஏசுபாதம் பக்கத்தில் நின்றார்.

"கங்கிராட்ஸ்மா! உங்கப்பா சர்ச்சுல பேசின வீடியோவ உன் கிளாஸ் சிநேகா நம்ம வாட்ஸப் குரூப்புல போட்டிருந்தா. ஜெர்மனி கெடச்சிருச்சாமே!"

"கெடைக்கல சார். உங்க லெட்டர் வந்தாதான் எடுத்தே பாப்பாங்க."

"கெடச்சப்புறம் எதுக்குன்னு எழுதினத அனுப்பாம வச்சுட்டேனே. அப்ப உங்கப்பா சொன்னது பொய்யா?"

ஏசுபாதம் சுவரில் பல்லியைத் தேடினார்.

"பொய் இல்ல சார். கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டாரு."

சார் மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். கடிதம் லேப்டாப்பில், லேப்டாப் ஹோட்டல் அறையில், சார் சாப்பாட்டு வரிசையில். சாப்பிட்டுவிட்டு அனுப்புவதாகச் சொல்லி வைத்தார். ஜாக்குலின் அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏன் நைனா, நான் அப்ளைதானே பண்ணிகீறேன்? உனக்கு இன்னா அவசரம்?"

"வேலைக்கும் அப்டிதானே சொன்னேன். வந்துச்சா இல்லியா?"

"வேலை குடுத்தவன் வாட்ஸப் பாக்கல."

பக்கத்து வீட்டு வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, பொண்ணு எப்ப ஃபிளைட் ஏறுது?"

ஏசுபாதம் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். "தெரியலம்மா."

அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால், உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள் வரலட்சுமி.

"இவ்ளோ நேரமா இன்னாதான் துன்றாரு அந்தாளு?"

"பெரிய ஹோட்டலு நைனா. ஐஸ்கிரீம் வரைக்கும் கீது."

வெயில் தாழ்ந்தது. பழக்கத்தில், நன்றி சொல்ல அவர் கைகள் மேலே போயின. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜாக்குலின், "எறக்கு" என்றாள். இறக்கினார். ஒன்று வரும்வரை அவர் சும்மா இருப்பது இதுதான் முதல் தடவை. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில், கடிதம் வந்து சேர்ந்ததாகத் திரை காட்டியது.

"இப்ப சொல்லலாமா?"

"லெட்டருக்கு மட்டும் சொல்லு."

ஏசுபாதம் கண்ணை மூடினார். ஒரு கடிதத்துக்கு அது கொஞ்சம் நீளமான ஜெபம்.