ராசாங்கத்தின் வயிற்றில் விளைந்த கல்

இருசம்மாள் கூச்சல் போடுகிறவள் அல்ல. அறுப்பில் அரிவாள் விரலைச் சீவியபோதுகூடச் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த பிடியை அறுத்தவள். நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், அரியலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் போட்ட அலறலுக்கு வாசலில் நின்ற வண்டி மாடுகள்கூட மிரண்டன.

அவள் புருஷன் ராசாங்கம் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குக் கல் ஏற்றிப் போகும் வண்டிக்காரன். திருமழபாடிக்குப் பக்கத்தில் வண்டி குடைசாய்ந்து முதுகில் பலமான அடி. கால் மரத்துப்போனது, மூத்திரம் அடைத்துக்கொண்டது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மூத்திரப் பைக்குள் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, வடிகிறதைக் கலயத்தில் பிடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

முதலில் நன்றாகத்தான் வடிந்தது. பிறகு கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்பியது. கலயத்தின் அடியில் வெள்ளையாக மணல் படிந்தது. கெட்டது வெளியே போகிறது என்று இருசம்மாள் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் காலையில் குழாயில் வடிவது அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு பானையாக வீங்க, குளிர்க் காய்ச்சலில் ராசாங்கம் இல்லாத மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, என்னைப் பாரு மாமா!"

அவன் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் குழாயை இழுத்தார். வரவில்லை. ராசாங்கம் கத்தினான். மெல்ல மெல்லத் திருகி எடுத்ததும் பீங்கான் தட்டில் ணங்கென்று விழுந்தது. குழாயின் நுனியைச் சுற்றிக் புளியங்கொட்டைப் பருமனில் வெள்ளைக் கல்!

அப்போதுதான் இருசம்மாள் அலறினாள். "காளவாய்க் கல்லுங்க சாமி! ஏத்துன கல்லு ஒடம்புக்குள்ள பூந்துடுச்சுங்க!"

"அது இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒண்ணு மூத்திரத்தைக் கெடுத்துக் கல்லாக்கிடுது."

அவள் நம்பவில்லை. டாக்டர் ஒரு சொட்டு மூத்திரத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, உருப்பெருக்கியில் குனிந்து பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் குச்சி குச்சியாக எதுவோ துள்ளி ஓடியது. வெடுக்கென்று பின்னால் நகர்ந்தாள்.

"உசுரோட ஓடுதுங்களே! எப்படிங்க உள்ள போச்சு?"

"குழாய் வழியாத்தான் ஏறியிருக்கு."

"குழாயை நீங்கதானே வச்சீங்க?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான். வைக்கலன்னா அன்னிக்கே போயிருப்பான். வச்சதால இது வந்துடுச்சு."

இருசம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். காப்பாற்றியதே கொல்ல வந்தது என்றால் யாரைத் திட்டுவது?

மறுபடி குழாயை உள்ளேயே விட்டுவைக்க டாக்டர் துணியவில்லை. புதுக் குழாயை ஒரு தரம் விட்டு மருந்துத் தண்ணீரால் கழுவி, உடனே எடுத்துவிட்டு, கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை கொடுத்தார். கிருமி ஒட்டாமல் முதலில் கையைக் கழுவி, பிறகு அடிவயிற்றை அழுத்தி மூத்திரத்தை இறக்கும் விதத்தை நர்ஸ் சாந்தா இருசம்மாளுக்குக் காட்டிக்கொடுத்தாள். இருசம்மாள் பயந்து பயந்து அழுத்தினாள். காய்ச்சல் விட்டது. கால் விரல்கள் அசைந்தன. ஒரு மத்தியானம் யாரும் கை வைக்காமலே பாய் நனைந்தது.

"வந்துடுச்சு புள்ள!" என்றான் ராசாங்கம், வெட்கமும் சிரிப்புமாக.

வண்டியில் அவன் மறுபடி ஏறவில்லை. கோல் ஊன்றி நாலு ஆடுகளை மேய்த்தான். இருசம்மாள் நடவுக்குப் போனாள். வரப்பிலிருந்து அவன் கூப்பிட்டால், சேறு வழியும் கையோடு நிமிர்ந்து, "இரு மாமா, கையைக் கழுவிட்டு வரேன்" என்பாள்.