முப்பதுக்குள்ள ஒரு முகம்

என் தங்கச்சி பல்லு செய்யுறவ. வயசானவங்க கழட்டி மாட்டுறாங்களே பல் செட், அது. பதினொரு வருஷமா ஒரே லேப்ல, ஒரே ஜன்னலோரம். டாக்டர் ஈறை அச்செடுத்து அனுப்புவார். அதுல பிளாஸ்டர் மாவைக் கரைச்சு ஊத்தி எடுத்து, மேல மெழுகு வெச்சு, ஒவ்வொரு பல்லா இவ நிறுத்துவா. எங்க தெருவுல அவளுக்குப் பேரே பல்லக்காதான்.

நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். நாள் பூரா டிரைவருங்ககிட்ட கத்துற உத்தியோகம். அதனால எனக்குத் தொண்டையும் பெரிசு, கோவமும் பெரிசு. இதுல நான் எங்கெல்லாம் கத்தினேனோ, அங்கெல்லாம் கத்த வேண்டியிருந்துச்சு. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

அவளுக்கு இருபத்தொன்பது முடிஞ்சு ஒன்பது மாசம் ஆனப்போ, ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னா: "அக்கா, நான் ஆர்ட் காலேஜ்ல சேரப் போறேன். சிற்பம்."

கல்யாணமே வேண்டாம்னு அவ சொன்னப்பகூட அம்மா இப்படி முழிச்சதில்லை. "இந்த வயசுலயா? உனக்கு என்னடி குறைச்சல்? மாசமானா சம்பளம் வருதுல்ல?"

"எனக்கு வாய் வரைக்கும்தான்மா தெரியும். மூக்கு, கண்ணு, நெத்தி எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவையாவது முழுசா ஒரு முகம் செய்யணும்."

அவ சும்மா சொல்லலை. லேப்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல மிச்ச மெழுகுல கட்டைவிரல் அளவுக்கு ஒரு தலை செய்வாளாம். மணி அடிச்சதும் அதை உருக்கி டப்பாவுல ஊத்திடுவாளாம். வேலையிலயும் அப்படித்தான். எல்லாருக்கும் வரிசையா, வெள்ளையா, ஒரே மாதிரி பல்லு வெச்சாப் போதும்னு முதலாளி சொல்லுவார். இவ அந்த ஆளோட பழைய போட்டோவைக் கேட்டு வாங்கி, எந்தப் பல்லு லேசாத் திரும்பியிருந்துச்சுன்னு பார்த்து அதே மாதிரி திருப்பி வெப்பா. "வாய்க்குள்ள போறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்?"னு முதலாளி தலையில அடிச்சுக்குவார்.

சரி, ஆசைப்பட்டுட்டா, சேரட்டும்னு நானும் இறங்கினேன். அங்கதான் முதல் தப்பு பண்ணினேன். கைக்கெட்டுற தூரத்துல ரெண்டு காலேஜ். ஒண்ணு பழசு, பெரிசு. முப்பது வயசு முடிஞ்சவங்களைச் சேர்த்துக்க மாட்டாங்க. நேர்ல உக்கார வெச்சுக் களிமண்ல தலை செய்யச் சொல்லிப் பரீட்சை வெப்பாங்க. இன்னொண்ணு புதுசு. வயசு தடையில்லை, சாயங்கால வகுப்பும் உண்டு, வேலையை விட வேண்டாம். ஆனா இதுவரைக்கும் செஞ்சதுல இருபதை போட்டோ எடுத்துக் கொடுக்கணும்.

அவ பழைய காலேஜ்தான் வேணும்னா. நான் புதுசுக்கு அடம்பிடிச்சேன். "பரீட்சையை நம்பி உக்காந்திருப்பியா? பதினொரு வருஷமா ஆயிரக்கணக்குல செஞ்சிருக்கே, இருபது போட்டோவுக்கா பஞ்சம்?"

பஞ்சம்தான். ஏன்னா மெழுகுத் தலையெல்லாம் அன்னன்னைக்கே உருகிப் போச்சு. மத்தபடி அவ செஞ்சது பூரா ஊர்க்காரங்க வாய்க்குள்ள இருக்கு.

எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர்கிட்டதான் முதல்ல போனோம். ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷர். நான் நேரா விஷயத்துக்கு வந்தேன்: "சார், உங்க பல்லை ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

"எந்தப் பல்லை?"

"மேல்வரிசை சார். பதினாலும் இவ கட்டினதுதானே?"

"எனக்கு இருக்கிறது எல்லாம் என் சொந்தப் பல்லு" அப்படின்னார், அவ செஞ்ச பல்லைக் காட்டியே. கதவையும் சாத்திட்டார்.

அடுத்து தையற்காரம்மா. அவங்க எங்க ரெண்டு பேரையும் உள்ளே இழுத்து, மிஷினுக்குப் பின்னாடி உக்கார வெச்சு, குசுகுசுன்னு கெஞ்சினாங்க. "எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதும்மா. குடும்பத்துல குழப்பம் பண்ணிடாதீங்க." இருபது வருஷமா ஒரே வீட்டுல இருக்கிற மனுஷனுக்குத் தெரியாதாம்! எனக்கு வந்த சிரிப்பை எப்படியோ அடக்கினேன். தங்கச்சிக்குச் சிரிப்பு வரலை. அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு, "நல்லாத்தான் உக்காந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னா.

இப்படி ஒரு மாசம் தெருத்தெருவா அலைஞ்சோம். ஒருத்தர் ஒத்துக்கணுமே! கடைசியில லேப்ல டெலிவரிக்கு இருந்த ஏழு செட்டை மேஜையில வெச்சுப் படம் எடுத்துக்கிட்டுப் போனோம். அந்தக் காலேஜ் ஆபீஸ்ல இருந்த கிளார்க் படத்தை ஒரு விரலால தள்ளிவிட்டு, "இது ஆஸ்பத்திரிச் சாமானும்மா. படைப்பு ஏதாவது இருந்தா கொண்டாங்க"ன்னார். நான் கத்தினேன். ஆஸ்பத்திரிச் சாமான் இல்லாம உங்க அப்பா எப்படிச் சாப்பிடுவார்னு கேட்டேன். கத்தி என்ன பிரயோஜனம்? ஃபாரம் திரும்பி வந்துடுச்சு.

பழைய காலேஜ் பரீட்சைக்கு அப்போ பத்து நாள்தான் பாக்கி. களிமண்ணைக் கையால தொட்டுப் பழக வேண்டிய ஒரு மாசத்தை நான் அவளைப் பல்லு தேட வெச்சு வீணடிச்சிருக்கேன். அவ ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. நாலு வார்த்தை திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். பரீட்சை முடிஞ்சு மூணாவது வாரம் அவளுக்கு முப்பது முடியுது. இதை விட்டா அந்தக் காலேஜ் இல்லை.

பரீட்சை அன்னைக்கு லீவு போட்டுட்டுக் கூடவே போனேன். வாசல்ல பதினெட்டு வயசுப் பிள்ளைங்க, கூட அவங்க அப்பா அம்மா. ஒரு அம்மா என்கிட்ட, "உங்க பொண்ணா, பையனா?"ன்னு கேட்டாங்க. "தங்கச்சி"ன்னேன். அவங்க எட்டிப் பார்த்துட்டு, "அவங்க டீச்சர்னு நினைச்சேன்" அப்படின்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

பரீட்சை ஹாலுக்குத் தாழ்வான ஜன்னல். வாட்ச்மேன்கிட்ட நைச்சியமாப் பேசி அதுக்கு வெளியே நின்னுட்டேன். நடுவுல ஒரு மேடை, அதுமேல நாற்காலியில ஒரு வயசான ஆள். மாடல். அவரைப் பார்த்து அதே மாதிரி தலை செய்யணும், பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும். அவருக்குப் பல்லு ஒண்ணுகூட இல்லை. உதடு உள்ளே போய், கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கைத் தொடுற மாதிரி மேலே ஏறியிருந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. அந்தக் குழியையும் சுருக்கத்தையும் போட்டிபோட்டு நோண்ட ஆரம்பிச்சாங்க.

இவ அரைமணி நேரம் களிமண்ணைத் தொடவே இல்லை. அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. எனக்கு வெளியே நின்னு கையும் ஓடலை காலும் ஓடலை. அப்புறம் தொடங்கினா பாருங்க, தாடையிலேர்ந்து தொடங்கினா. தாடை, அதுமேல வாய், வாயிலேர்ந்து கன்னம், கன்னத்துலேர்ந்து மூக்கு. லேப்ல வேலை செய்யுற அதே வேகம், அதே கை. ஒண்ணரை மணிக்கெல்லாம் முழுத் தலை வந்துடுச்சு. காது, கண்ணு, நெத்தி, எல்லாம். அவ வாழ்க்கையில ஆள் அளவுக்குச் செஞ்ச முதல் முழு முகம். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் தலைமைப் பரீட்சகர். ஒவ்வொருத்தரையா பார்த்துக்கிட்டே வந்தவங்க இவகிட்ட நின்னாங்க. களிமண்ணைப் பார்த்தாங்க. மாடலைப் பார்த்தாங்க. மறுபடியும் களிமண்ணைப் பார்த்தாங்க.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கே. ஆனா இது யாரு?"

அப்பதான் அவளுக்கே உறைச்சுது. எனக்கும். அந்தக் களிமண் முகத்துல உதடு உள்ளே போகலை. கன்னம் ஒட்டலை. மோவாய் இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு. பதினொரு வருஷமா இடிஞ்ச வாயைப் பார்த்தா நிமித்திப் பழகின கை, கேட்காமலேயே நிமித்திடுச்சு. அந்த ஆளுக்கு இவ பல்லு கட்டிவிட்டுட்டா!

"மாடலைப் பார்த்துச் செய்யுறதுதான் பரீட்சை. கற்பனைக்கு இங்க மார்க் இல்லை. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு" அப்படின்னு அவங்க நகர்ந்து போனாங்க. நியாயமாப் பார்த்தா அது பெரிய சலுகை.

பதினஞ்சு நிமிஷம் தாராளம். ஈரக் களிமண்தானே, உதட்டை ஒரு அமுக்கு, கன்னத்தை ரெண்டு அமுக்கு, முடிஞ்சுது. அவ கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்த உதட்டுல வெச்சா. வெச்சபடியே இருந்தா. மாடலைப் பார்த்தா. விரலை எடுத்துட்டா.

"அமுக்குடி!"ன்னு ஜன்னல் வழியா கத்திட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்துச்சு. வாட்ச்மேன் ஓடிவந்து என்னை வெளிவாசல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போய் விட்டார்.

ரெண்டு மணிக்கு வெளியே வந்தா. நகக்கண் பூரா களிமண்.

"அமுக்கினியா?"

"இல்லை."

"ஏன்டி?"

"அமுக்கினா அது அவர் இல்லக்கா."

"எதிர்ல உக்காந்திருக்கிறவர்தானேடி அவரு! ஊரே பார்க்குது, உனக்கு மட்டும் கண்ணு வேற மாதிரியா வெச்சிருக்கு?" நடுரோடுன்னுகூடப் பார்க்காம திட்டித் தீர்த்தேன். ஒரு மாசம் வீணாப் போனது என்னால, இந்தப் பதினஞ்சு நிமிஷம் உன்னாலன்னு கணக்கு வேற சொன்னேன். அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அஞ்சு மணிக்கு லிஸ்ட் ஒட்டினாங்க. பன்னிரண்டு பேர். மேலேர்ந்து கீழே, கீழேர்ந்து மேலே, மூணு தடவை பார்த்தேன். அவ ஒரே தடவை பார்த்துட்டு ஒதுங்கிட்டா. பிள்ளைங்க குதிக்கிறதும் கட்டிப்பிடிச்சு அழுறதுமா ஒரே கூத்து. எங்களுக்கு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கத்தான் வேண்டியிருந்துச்சு.

காலேஜோட பக்கவாட்டுக் கதவைத் தாண்டும்போது அந்த மாடல் வெளியே வந்தார். எங்களைப் பார்க்கலை. சட்டைப் பையிலேர்ந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். அந்தப் பக்கம் திரும்பி நின்னு என்னமோ பண்ணினார். திரும்பினார்.

அந்தக் களிமண் முகம் தெருவுல நிக்குது. அதே உதடு, அதே கன்னம், அதே மோவாய். நான் நேரா அவர் முன்னாடி போய் நின்னேன்.

"ஐயா, இதென்ன, உங்களுக்குப் பல் செட் இருக்கா?"

அவர் திருதிருன்னு முழிச்சார். அப்புறம் தங்கச்சியை அடையாளம் கண்டுக்கிட்டார். "ஆறு வருஷமாப் போடுறேம்மா. உள்ளே போகும்போது கழட்டிடுவேன். கன்னம் ஒட்டி இருந்தாத்தான் கூப்பிடுவாங்க. பல்லோட உக்கார நூறு பேர் இருக்காங்களே."

"வாங்க உள்ளே. வந்து அந்தக் கண்ணாடிக்காரம்மாகிட்ட இந்த முகத்தைக் காட்டுங்க." நான் அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

அவர் வெடுக்குன்னு உருவிக்கிட்டார். "என் பொழப்புல மண்ணைப் போடாதேம்மா. நல்லாயிருப்பே."

"நாலு மணி நேரம் பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? இவ உங்களையேதான் செய்யுறான்னு தெரியலையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சுதும்மா" அப்படின்னார், அவளைப் பார்த்து. "பாதியிலேயே தெரிஞ்சுது. மாடல் பேசக் கூடாது. அசையவும் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்துல அவரை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "விடுக்கா. ஐயா, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புறீங்களா?"

அவர் திரும்பினார். பழக்கதோஷம், அப்படியே அசையாம நின்னார். அவ கிட்டப் போய் உதட்டோரத்தைப் பார்த்தா, தாடையைப் பார்த்தா, மூக்குக்குக் கீழே பார்த்தா.

"ஒரு நூல்கூடத் தப்பலக்கா" அப்படின்னா. சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே பிளாட்பாரத்துல உக்காந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

அறுபது டிரைவரை அடக்குற தொண்டை எனக்கு. அன்னைக்கு ஒரு சத்தம் வரலை. உள்ளே ஹாலுக்குள்ள தொப்பு தொப்புன்னு என்னமோ விழுந்துக்கிட்டிருந்துச்சு. என்ன சத்தம்னு அந்தப் பெரியவரைத்தான் கேட்டேன். பிள்ளைங்க செஞ்ச தலையையெல்லாம் உடைச்சுத் தொட்டியில போடுறாங்களாம். அடுத்த வருஷம் பரீட்சை எழுத வர்றவங்களுக்கு அந்தக் களிமண் வேணுமாம்.