என் முறைக்காக நின்றேன்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ரேவதி, வேலைக்குப் போகும்போது குழந்தை கவினை என்னிடம்தான் விட்டுப்போவாள். அன்று மத்தியானம் அவனுக்கு மூச்சு இழுத்தது. அவளுக்குப் போன் செய்துவிட்டு, ஆட்டோவில் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே எங்கு பார்த்தாலும் பலகை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதைச் சொல்லி வழி கேட்கக் கௌரவம் விடவில்லை. வரிசை தெரிந்தது, கடைசியில் போய் நின்றேன். பெருமாள் சேவை வரிசையில்கூடக் குறுக்கே புகுந்தவள் இல்லை நான். நிற்க நிற்கக் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

முன்னால் நின்ற பெண் திரும்பினாள்.

"என்னங்கம்மா, புள்ள இப்படிக் கெடக்கு, ஓ.பி. சீட்டு வரிசையில நிக்கிறீங்க?"

"என் முறை வரட்டும்னு..."

"நல்லா பாத்தீங்க முறை! குடுங்க புள்ளய!"

பிடுங்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓடினாள். "யாராச்சும் காப்பாத்துங்கய்யா" என்று அலறியபடி பின்னால் ஓடினேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சியவளில்லை நான்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அழுதான்.

ரேவதி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருந்ததாலதான் பொழச்சான், மாமி."

நான் வரிசையில் நின்றதை அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.